ஒன்றாம் தேதி மீட்டர் எண்

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் மூன்று மாடி இறங்கிப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்துவிட்டு வருவேன். மேலே வந்ததும் இவர் கேட்பார், நான் எண்ணைச் சொல்வேன். பிறகு சமையலறையில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதிவைப்பேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளையும் இவர் மாத்திரை தீரும் நாளையும் அதில்தான் எழுதுவேன். மீட்டர் பார்க்க வேண்டிய ஆள் எங்கள் பிளாக்குக்கு ஒழுங்காக வந்ததே இல்லை. பில் தப்பாக வந்தால் எடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்று இவர் செய்த ஏற்பாடு அது. முன்பெல்லாம் இவரே இறங்கிப் பார்ப்பார். இதய ஆபரேஷனுக்குப் பிறகு அது என் வேலையானது.

டெல்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இவர் ரிடையர் ஆகும் முன்பு யமுனைக்கு அந்தப் பக்கம் இந்த ஃபிளாட்டை வாங்கினோம். மாடிப்படிக்குக் கீழே எட்டு வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும். ஏழு நின்றுபோனவை. நின்ற மீட்டருக்குத் தடவைக்குத் தடவை ஒரே மாதிரி பில் வரும், எவ்வளவு தண்ணீர் செலவழித்தாலும் கேள்வி கிடையாது. அதனால் யாரும் மாற்றவில்லை. எங்களுடையது மட்டும் ஓடியது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் இந்தியில் கேலி செய்வார்: “எல்லா மீட்டரும் தூங்குது, மதராஸி மீட்டர் மட்டும் தினம் ஆபீஸ் போகுது.”

“ஓடட்டுமே. நாம குடிக்குத தண்ணிக்கு நாம துட்டு குடுக்கோம்,” என்பார் இவர்.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது டாக்டர் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படி. ஒரு தடவை செக்கப்புக்காக இரண்டு பேர் இவரைப் பிரம்பு நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும், “பொணத்த எறக்குத மாதிரி இருக்குட்டி. இனி நான் எறங்க மாட்டேன்,” என்றார். அதற்குப் பிறகு பால்கனியில் உட்கார்ந்து, கீழே பார்க்கில் சிநேகிதர்கள் சீட்டாடுவதைப் பார்ப்பதோடு சரி. அடுத்த வரிசையில் தரைத்தளத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு வயதான சர்தார்ஜி. தீபாவளி வரை காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் எங்கள் வீட்டை விற்றாக வேண்டும்.

புரோக்கர் நான்கு பார்ட்டியை அழைத்து வந்தார். இவர் உள்ளறையை விட்டு வரவில்லை. சட்டைக்குள் தெரியும் தையல் தழும்பை அந்நியர் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. எனக்கோ புது ஆட்களிடம் வாயே வராது. பத்தாவது வரைதான் படிப்பு, இந்தியும் காய்கறிக்காரனிடம் கற்ற இந்தி. வந்தவர்கள் மூன்றாம் மாடியா என்று முகம் சுளித்தார்கள். அடுத்து, மீட்டர் ஓடுகிறதா, ‘பந்த்’ ஆகி நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். ஓடுகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நாலு பேரும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதில் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இவர் உள்ளிருந்து தமிழில் குரல் கொடுத்தார்: “ஏட்டி, இவன் வாங்க மாட்டான். செருப்பக் கழத்தாமலே சுத்துதான் பாரு.” வந்தவர்களுக்குத் தமிழ் புரியாது என்பதால் நாங்கள் எதையும் உரக்கப் பேசுவோம்.

ஜூன் மாதம் நடுவில், நான் பால் வாங்கி வரும்போது மாடிப்படிக்குக் கீழே புரோக்கர் ஒரு பிளம்பரோடு நின்றார். “பாபிஜி, ஓடுற மீட்டரைப் பார்த்தா பார்ட்டி பயப்படுது. ஒரு நிமிஷ வேலை. மேல இருக்கற பாய்சாபுக்குத் தெரியவே வேண்டாம்,” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளம்பர் குனிந்து என்னவோ செய்தான். கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் நின்றது. 1348. கூச்சத்தில்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை. நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். இவர் தரையில் கால் வைத்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

ஜூலை ஒன்றாம் தேதி வந்தது. வழக்கம்போல இறங்கிப் போய்க் கொஞ்ச நேரம் மீட்டர் முன்னால் நின்றுவிட்டு ஏறி வந்தேன்.

“எவ்வளவு?”

“ஆயிரத்து முந்நூத்தி அறுபத்திரண்டு.”

வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். போன மாதம் 1340. இவர் மனக்கணக்குப் போட்டார். “இருபத்திரண்டா? பதினாறுக்கு மேல போனதே இல்லையே. எங்கயும் ஒழுகுதா பாரு.”

குழாய்களை எல்லாம் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒழுகவில்லை என்றேன். மறுநாளிலிருந்து இவர் அரை வாளித் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தார். டெல்லி வெயிலில், தழும்பு வேர்த்து அரிக்கும் மனிதர். “வேண்டாங்க, முழு வாளி குளிங்க,” என்று சொல்லிப் பார்த்தேன். “படுத்துக் கெடக்கவனுக்கு என்னத்துக்கு அவ்வளவு?” என்றார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அவருக்காக எண்ணைக் குறைத்தேன். 1373.

“பாத்தியா? பாதியா கொறஞ்சிட்டு!” என்று குழந்தை மாதிரி சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் காலண்டரில் எழுதப் போனேன்.

அந்த மாதமே புரோக்கர் ஒரு இளம் தம்பதியை அனுப்பினார். கீழேயே எல்லாம் காட்டிவிட்டதால், எங்கள் கதவைத் தட்டிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். நான், “வாங்க” என்று தெரியாமல் தமிழில் சொல்லிவிட்டேன்.

“அட, நீங்க தமிழுங்களாக்கா!” என்றாள் அந்தப் பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

உள்ளறைக் கதவு திறந்தது. தமிழ்க் குரல் கேட்டு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு புது மனிதர்களோடு பேசினார். ஊர், ஆபீஸ், பார்க்கில் விளையாடும் சீட்டு எல்லாம் பேசினார். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “ஏனுங்க, மேல் மாடிக்குத் தண்ணி ஏறுதுங்களா?”

“ஏறுதாவா? ஏட்டி, காலண்டர எடுத்துட்டு வா.” நான் நகரவில்லை. இவரே போய் எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். “மாசாமாசம் எழுதிருக்கு, பாரும்மா. எட்டு மீட்டர்ல எங்க மீட்டர் ஒண்ணுதான் ஓடுது.”

“எனக்குத் தமிழ் படிக்க வராது அங்கிள். வீட்ல எல்லாம் இவதான் படிப்பா,” என்று சிரித்தான் அவன்.

அவள் விரலை வைத்துப் படித்தாள். “ஆடி பதினாறு. மீட்டர் 1373.” நிமிர்ந்தாள். “கீழ 1348-னு இருந்துச்சுங்களே? நின்னுபோச்சுன்னு அந்தண்ணன் காட்டுனாருங்களே?”

“அது வேற வீட்டு மீட்டரா இருக்கும்மா.”

“நஹி அங்கிள், இந்த ஃபிளாட் நம்பர்தான் எழுதிருந்துச்சு. பார்ட்டிக்காக ஸ்பெஷலா பந்த் பண்ணி வெச்சிருக்கோம்னு டீலர் சொன்னார். அச்சாதானே, பில் கம்மியா வரும்.”

இவர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் டீ டம்ளர்களைப் பார்த்தேன்.

அந்தப் பெண் காலண்டரை மூடினாள். “இப்ப இருக்கற வீட்லயும் தண்ணி ஏறும்னு சொல்லித்தானுங்க குடுத்தாங்க. தெனம் கீழ இருந்து கொடத்துல தூக்கறேன். மீட்டர் ஓடுச்சுன்னா, தண்ணி மேல வருதுன்னு நம்பலாமுங்க. இதப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு...” என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள். “யோசிச்சுச் சொல்றோமுங்கக்கா.” அவர்கள் திரும்ப வரவில்லை.

அவர்கள் போனதும் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். “எங்க போறீங்க?” என்று கேட்டேன். நாற்பத்தெட்டுப் படியையும் இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நான் இரண்டு படி பின்னால் போனேன். கையைக் கொடுக்கவும் தைரியம் இல்லை. கீழே போய் வேட்டி நுனியால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “அரே பாய்சாப், இறங்கிட்டீங்களா! உங்க மீட்டரும் ரிடையர் ஆயிருச்சு போல!” என்றார். இவர் சிரிக்க முயன்று கைகூப்பினார்.

ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அரை வாளியில குளிச்சேன்லா.”

அதற்கு மேல் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் தண்ணீர் ஆபீஸுக்கு மனு எழுதினார். மீட்டர் தானாக நின்றுவிட்டது, மாற்றித் தரவும் என்று. ஆபீஸில் அத்தனை வருஷம் ஃபைல் எழுதியவர், உண்மை இல்லாத ஒரு வரியைக் காகிதத்தில் எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான். என்னிடம் கொடுத்துத்தான் தபாலில் போடச் சொன்னார்.

புது மீட்டர் வருவதற்குள் தீபாவளி போய்விட்டது. சர்தார்ஜி அவர் வீட்டை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். எங்கள் வீடு குளிர்காலம் முடியும்போதுதான் விலை போனது. வாங்கியவர்கள் மீட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. இவருக்குப் பின்பக்க வரிசையில் வெயில் படாத ஒரு தரைத்தள வீடுதான் கிடைத்தது. இருந்தாலும் தினமும் பார்க்குக்கு நடந்து போகிறார்.

அங்கே மீட்டர் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றாம் தேதி இவரே குனிந்து பார்க்கிறார். எண்ணை என்னிடம் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று கையை நீட்டுவார். பென்சிலை எடுத்துக் கொடுப்பேன்.