குற்றாலம் வரை தூக்கிச் சென்ற சொல்

அணாக் கணக்கு இன்னும் ஒழியாத காலம். ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி வண்டிக்கு நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறினோம். எங்களுக்கு ஊர் தூத்துக்குடி. அவர் அங்கே ஜவுளிக் கடையில் விற்பனை ஆள். டைபாய்டு காய்ச்சலில் ஒரு மாதத்துக்கு மேல் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்து, தலைமுடி கொட்டி, வேட்டி இடுப்பில் நிற்காத கோலத்தில் முந்தின நாள்தான் வெளியே விட்டிருந்தார்கள்.

விடும்போது டாக்டர், "குற்றாலத்துல ரெண்டு வாரம் இருந்துட்டு வாங்க. அருவியில தலை நனைக்கக் கூடாது" என்று எங்களிடம் சொன்னார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். அதில் ஒரு வார்த்தையை மட்டும் அழுத்திச் சொன்னார்: கன்வலசென்ட். டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்பது அன்றைக்கு மரியாதைக் குறைவு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. வெளியே வரும்வரை அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். என் அண்ணனையும் இப்படித்தான் காற்று மாறட்டும் என்று மலைப்பக்கம் அனுப்பினார்கள். அவன் திரும்பி வரவில்லை.

சேரன்மகாதேவி வரும் முன்பே, ஆஸ்பத்திரியில் ராத்திரி கண் விழித்த அசதியில் நான் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது கல்லிடைக்குறிச்சி. இப்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே கோட்டுப் போட்ட ஒருவர் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் என் முகத்தையும் தூங்குகிறவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"அது நெஞ்சு வியாதி. சொகமாகுறது கஷ்டம்" என்றவர், டிபன் கேரியரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் இறங்கி அடுத்த பெட்டிக்கு மாறிவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டேன். வெளியே ஆற்றுப்பாசன வயல்கள் பச்சைப்பசேல் என்று கிடந்தன. அந்தப் பச்சை மேல் எனக்குக் கோபமாக வந்தது.

பாவூர்சத்திரத்தில் கத்தரிக்காய்க் கூடைகள் ஏறுவதற்காக வண்டி சற்று அதிக நேரம் நின்றது. விழித்துக்கொண்ட அவர் ஜன்னல் வழியே கை நீட்டி, ஓரணாவுக்குப் பிச்சிப்பூ வாங்கி என் மடியில் வைத்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் கையால் வாங்கித் தந்த முதல் பூ. சந்தோஷப்படத் தெரியாமல் பயந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். பன்னிரண்டணா பேசிக் குதிரை வண்டி பிடித்தோம்.

"குளிக்கவா, உடம்புக்கா?" என்று வண்டிக்காரர் கேட்டார். வருகிற எல்லாரையும் இப்படித்தான் கேட்பாராம்.

"உடம்புக்குத்தான் அண்ணாச்சி" என்றேன்.

"அப்பம் மெதுவா ஓட்டுதேன். இலஞ்சி விலக்கு தாண்டினா சாரல் அடிக்கும், துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிடச் சொல்லு தாயி."

சொன்ன இடத்தில் சாரல் வந்தது. தூறல் என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது. தென்னந்தோப்புக்கு மேலே மலை பாதிதான் தெரிந்தது.

அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில், நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டணாவில் அறை கிடைத்தது. சீசன் காலத்தில் அங்கே துணி காயாது. பெண்கள் எல்லாம் தாழ்வாரத்தில் கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சேலையைக் காட்டி உலர்த்துவோம். பக்கத்து அறையில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த மெர்சி டீச்சர், தங்கையோடு தங்கியிருந்தார். மூன்றாம் நாள் காலை எதிர்க் கடையில் என் வீட்டுக்காரர் நாலு இட்லி தின்றுவிட்டு, கேட்டு வாங்கி ஒரு வடையும் தின்றார். சீட்டியடித்துக்கொண்டே செண்பக மரம் பார்க்கப் புறப்பட்டார். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. கரியடுப்பு முன்னால் டீச்சரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் சேலையைக் கீழே விட்டார்.

"என்னம்மா இது, புருசனும் பொஞ்சாதியும் ஒரே வார்த்தையத் தூக்கிட்டு அலையுதீங்க? உங்க வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் இதைத்தானே கேட்டாரு. தெரிஞ்சவங்களுக்குன்னாரு."

"அர்த்தம் என்ன டீச்சர்?"

"நோய் போயிட்டு, உடம்பு தேறிக்கிட்டு வருதுன்னு அர்த்தம். படுக்கையில கிடக்கவங்களுக்கும் சொல்லக் கூடாது, ஓடியாடித் திரியுதவங்களுக்கும் சொல்லக் கூடாது. நடுவுல இருக்காங்க பாரு, அவங்களுக்குத்தான் சொல்லணும்."

நான் அழுததில், உலர்த்திய சேலை மறுபடி நனைந்தது.

அவர் செண்பகப்பூவோடு திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கும் அந்த வார்த்தை காதுல விழுந்துச்சா?" என்றார்.

"விழாமலா? டீச்சர்கிட்டதான் முதல்ல கேட்டீங்களா?"

"இல்லட்டி. ரயில்லேயே கேட்டேன். நீ கண் அசந்தப்ப, அந்தக் கோட்டுக்காரர்கிட்ட."

"என்ன சொன்னாரு?"

"நெஞ்சு வியாதின்னாரு. சொகமாகுறது கஷ்டமாம்."

அதைக் கேட்ட பிறகுதான் பாவூர்சத்திரத்தில் பூ வாங்கியிருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த நாட்கள் இறக்கை கட்டிப் பறந்தன. "நான் கன்வலசென்ட்லா" என்று சொல்லிச் சொல்லியே தினமும் ஒரு வடை கூடுதலாக வாங்கினார். புறப்படும் நாளில் அருவிக்கரை வரை போய்க் கையை மட்டும் நனைத்துக்கொண்டார். தூத்துக்குடியில் இறங்கியதும் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. சாரலில் ஊறிய உடம்புக்கு அது என்னவோ போலிருந்தது.

அறுபதுகளில் பிள்ளைகளோடு இரண்டு தரம் குற்றாலம் போனோம். தென்காசியில் வண்டிக்காரர் வேறு ஆள், கேள்வி மட்டும் அதே.

"குளிக்கவா, உடம்புக்கா?"

"குளிக்க" என்றார் அவர், ரொம்ப நிதானமாக. என் தலையில் பாவூர்சத்திரத்துப் பிச்சிப்பூ இருந்தது. இரண்டு தரமும் அந்த ஸ்டேஷனில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே கையை நீட்டினார். ஏன் என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை.