சகலையின் கால் சுளுக்கு

பாட்டில் நிரப்பும் மிஷின்களைப் பொருத்துவதில் போல்ட்டு கெட்டிக்காரர். பட்டறையில் எல்லோரும் அவரைப் போல்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது. மிஷின் வாங்கிய வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு முதலாளி அவரைத் தனியாகவே அனுப்புவார். அப்படிப் போன ஓர் இடத்தில்தான், மிஷினை ஓடவிட்டுப் பார்க்கும் நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். குடல்வால் வீங்கியிருந்தது. தொழிற்சாலைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அறுத்துத் தைத்தும் ஆயிற்று.

கண் விழித்து வீட்டுக்குப் போன் செய்தபோது, மனைவி பயந்துவிடுவாளே என்று மறைத்தார். கையில் மருந்து ஏற்ற ஒரு கருவி வைத்திருந்தார்கள். மருந்துப் பை காலியானால் கத்தும்; அப்போதும் கத்தியது. "என்னங்க சத்தம்?" என்றாள். "மிஷின்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து மிஷின் இரைச்சலுக்கு நடுவிலேயே அவரோடு பேசிப் பழகியவள், அதற்குமேல் கேட்கவில்லை.

அங்கே பிடித்தது வினை. குரலை வைத்து அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இவருக்கு வீம்பு ஏறிவிட்டது. அவளோ தங்கை புருஷனின் புராணத்தை ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டும் சகலை, படி இறங்கும்போது காலைச் சுளுக்கிக்கொண்டானாம்.

"தங்கச்சி வேலைக்குப் போயிடுறா. பாவம், மனுஷன் தண்ணி குடிக்கக்கூட நொண்டிக்கிட்டுப் போறாரு. நான்தான் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

தையல் போட்ட வயிறு பற்றி எரிந்தது. மாமியார் வீட்டில் சகலை தும்மினாலே ஆள் மாற்றி ஆள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே, பாஷை புரியாத நர்ஸ் வைத்துவிட்டுப் போன சாப்பாடு ஆறிக் கிடந்தது. பக்கத்துக் கட்டில் கிழவருக்கு அவர் மனைவி ஊட்டிவிட்டு வாயையும் துடைத்துவிட்டாள். அந்தப் பக்கம் திரும்பவே கூடாது என்று நினைத்த போல்ட்டு ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தார். அவர் முறைத்த முறைப்பில், கிழவர் பாவம், ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்திருப்பார்.

மறுநாள் அவள் சகலை வீட்டிலிருந்தே பேசினாள். "இருங்க, அவரும் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணுமாம்" என்று போனை அவனிடம் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கருவி கத்தியது.

 சகலை குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது மருந்து ஏத்துற மிஷின் சத்தமாச்சே. உங்களுக்கா?" என்றான்.

இதையும் இவன்தானா கண்டுபிடிக்க வேண்டும்? போல்ட்டுக்குப் போனை விட்டெறியலாம் போலிருந்தது.

"கூட யாருண்ணே இருக்கா?"

போல்ட்டு பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தரும் இல்ல. அவகிட்ட குடு."

அந்தப் பக்கம் சகலை ஏதோ சொல்வதும், இவள் "ஐயோ" என்பதும் கேட்டது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" அழுதாள்.

"நீ கேக்கலையே."

"தினமும் எப்படி இருக்கீங்கன்னுதானே முதல்ல கேக்கிறேன். நல்லா இருக்கேன்னு சொன்னது யாரு?"

 போல்ட்டுக்கு ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவனுக்குச் சாப்பாடு போட்டுட்டியா?"

அவள் அழுகை நின்றது. "இப்ப இதுதான் முக்கியமா?"

"போட்டுட்டியான்னு கேட்டேன்."

"இல்ல. இன்னும் பாத்திரத்தையே திறக்கல."

"திறக்காத" என்றார். "கொஞ்ச நேரம் என்கிட்ட பேசு."