விடுமுறையில் தொலையும் செருப்பு

எங்கள் சலவைக்கூடத்தில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் ‘ரேடியோ’. பன்னிரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். பன்னிரண்டு வருடமாக வாயையும் மூடியதில்லை. அந்தப் பட்டப்பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி வரை இருந்தது. இப்போது வீட்டுக் கதை சொல்ல வாயைத் திறந்தாலே முகம் சுடுகிறது. என் குழந்தைகள் என்னை நம்புகிறார்களா என்ற கேள்வியை அதுவரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. அந்தக் கேள்விக்கு என் மகள் பத்துப் பேர் முன்னால் பதில் சொல்லிவிட்டாள்.

விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நிற்க வேண்டும். உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, திரும்ப விலக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. இந்த வேலையைப் பேசாமல் செய்தால் மனுஷிக்குப் பைத்தியம் பிடித்துவிடும். என் ஜோடி நீளக்கை அக்கா. அவள் கையை விரித்தால் இரட்டைக் கட்டில் விரிப்பே சின்னதாகத் தெரியும். விலகிப் போகும்போது நான் கதையை இழுப்பேன். முனை சேரும்போது சிரிப்பை அவிழ்ப்பேன். அக்கா விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்குவாள். இஸ்திரி உருளைப் பக்கத்தில் நிற்கிற அண்ணன், “மறுபடி சொல்லு ரேடியோ, இங்க சத்தத்துல கேக்கல” என்பார். நான் மறுபடி சொல்வேன், கொஞ்சம் கூட்டியே சொல்வேன்.

கதைக்குச் சரக்கு எங்கே என்றால், என் வீடுதான். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் ஓடுவார். வீட்டில் நான் மாட்டிக்கொண்டால் மட்டும் அவர் காதில் விழாது. பெரியவனுக்குப் பதிமூன்று வயது. அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று நான் வைத்த பேர் சலவைக்கூடம் முழுக்கப் பிரசித்தம். சின்னவளுக்கு எட்டு. எதைக் கேட்டாலும் யோசித்து, தலையாட்டி, தீர்ப்புப் போலப் பதில் சொல்வதால் அவள் ஜட்ஜம்மா.

பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் என் கதைகள் சுமார்தான். விடுமுறை வந்தால்தான் ரேடியோ களைகட்டும். “எப்படா ஸ்கூலைத் திறப்பாங்க” என்று முதல் நாளே ஆரம்பித்துவிடுவேன். எல்லாத் தாய்மார்களும் சொல்கிற வார்த்தைதானே. நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், குழந்தைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும் சொல்வேன்.

என் கதைகளிலேயே அதிகம் விலைபோனது, நான் வீட்டை விட்டு ஓடிப்போன கதை. போன வருடப் பெரிய விடுமுறையில் பதினோராவது நாள். எனக்கு வார ஓய்வு. கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தேன். அதற்குள் இரண்டும் சேர்ந்து டி.வி. ரிமோட் நீந்துமா என்று பக்கெட் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். நீந்தவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்து ரிமோட்டை மீட்டார்கள். தண்ணீர் கட்டிலுக்கு அடியில் போய், கீழ் வீட்டு டீச்சரின் கூரை வழியாகச் சொட்டி, அந்த அம்மாள் மேலே ஏறி வந்து என்னை எழுப்பினாள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! “இனிமே உங்களுக்கு அம்மா கிடையாது. நான் போறேன். நீங்களே ராஜ்யம் பண்ணுங்க” என்று கத்திவிட்டு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

போனேன், எங்கே போனேன்? பக்கத்துத் தெரு பஸ் நிறுத்தம் வரைக்கும். பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலு பஸ் வந்து போனது. ஐந்தாவதில் ஏறிவிடலாம் என்று பையைத் திறந்தால் பர்ஸ் இல்லை. ஈர ரிமோட்தான் இருந்தது! கோபத்தில் அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நிமிடத்தில் வீடு திரும்பினேன். உள்ளே போனால் தரை துடைத்திருக்கிறது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இரண்டு பேரும் சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இன்று வரை விடுமுறை என்றால் தூங்குமூஞ்சி சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறான். “அதனால அக்காமார்களே, நீங்களும் ஒருதரம் ஓடிப் பாருங்க. பாத்திரம் தானாக் கழுவிக்கும்!” என்று நான் முடிக்கும்போது இஸ்திரி அண்ணன் உருளையையே நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போதெல்லாம் என் வளர்ப்பைப் பற்றி ஒரு பெருமையும் பீற்றிக்கொள்வேன்.

இன்னொரு கதையும் உண்டு. அது சின்னக் கதை. விடுமுறை வந்தால் என் செருப்பில் ஒன்று தொலைந்துவிடும். இரண்டும் தொலையாது, ஒன்றுதான். வாசலில் ஜோடியாகக் கழற்றிப் போடுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பினால் ஒற்றையாக நிற்கும். தெரு நாயைத் திட்டியிருக்கிறேன், கீழ் வீட்டுப் பூனையைத் திட்டியிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், தேடிக் கொடுப்பது எப்போதும் ஜட்ஜம்மாதான். அதற்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கும்.

“எங்கம்மா போற?”

“வேலைக்குத்தான், வேறெங்க?”

“எத்தனை மணிக்கு வருவ?”

“நாலு மணிக்கு.”

தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். ஒரு நிமிடத்தில் செருப்போடு வருவாள். “இவ கண்ணு இருக்கே, அது கண்ணு இல்ல, பூதக்கண்ணாடி” என்று சலவைக்கூடத்தில் இதற்கும் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இரண்டு கதையும் ஒரே கதை என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததே தாமதம். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்காரர் ஏதோ லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று விடியும்போதே பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாசலுக்கு வந்தால் செருப்பு ஒற்றையாக நிற்கிறது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“எங்கம்மா போற?” என்று வழக்கம்போல விசாரணை ஆரம்பித்தது.

“எங்கயோ போறேன். இந்த வீட்டுல மனுஷி இருப்பாளா?” என்று கத்தினேன். வீட்டுக்காரர் வாசலில் விட்டுப்போன ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு இறங்கினேன். என் கால் அதில் பாதிதான் வரும். படியெல்லாம் டபக் டபக் என்று சத்தம்.

பின்னாலேயே ஓடி வந்தாள் சின்னவள். “நானும் வரேன்” என்று என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றேன். அங்கே போரடிக்கும் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பிடியாக நின்றாள். விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். சரி, பெரிய துவைக்கும் டிரம்மைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறாள் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போனேன்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு ராஜ வரவேற்பு. தலையணை உறை மூட்டை மேல் உட்காரவைத்தார்கள். பன் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் அதைத் தின்றுகொண்டே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரம் பக்கம் திரும்பவே இல்லை. நான் சோப்பு எடுக்க உள் அறைக்குப் போனால் மூட்டையிலிருந்து குதித்துக் கூடவே வந்தாள்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. டீயோடு கதை கேட்பது எங்களுக்குப் பழக்கம். இஸ்திரி அண்ணன்தான் ஆரம்பித்தார்: “ரேடியோ, பொண்ணே வந்திருக்கு. அந்த ஓடிப்போன கதையைச் சொல்லு, சாட்சியோட கேப்போம்.”

எனக்கும் குஷி வந்துவிட்டது. காலைக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. விரிப்பை உதறிக்கொண்டே சொன்னேன். பக்கெட், டீச்சர் வீட்டுக் கூரை, பஸ், ஈர ரிமோட் எல்லாவற்றையும் கண்ணும் மூக்கும் வைத்துச் சொன்னேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நீளக்கை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டைப் பக்கம் திரும்பினாள்.

“ஏன் ஜட்ஜம்மா, அம்மா போனதும் நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க? ஜாலியா?”

அவள் யோசித்தாள். பன்னை மடியில் வைத்தாள்.

“அண்ணன் பீரோவைத் திறந்து பாத்தான். அம்மா துணியெல்லாம் இருந்துச்சு. அப்புறம் அழுதான்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். பழக்கதோஷம்.

“நானும் அழுதேன். அழுதா அம்மா வரமாட்டாங்க, பாத்திரம் கழுவினா வருவாங்கன்னு அண்ணன் சொன்னான். கழுவினோம். அம்மா வந்துட்டாங்க. அதனால இப்பவும் லீவுல அவன் கழுவுறான்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. உருளை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கையில் இரண்டு முனையோடு நின்றேன். ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிக்கலாம் என்று என் நாக்கு துழாவியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்குள் அவள் தொடர்ந்தாள். எங்களையெல்லாம் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

“இப்பல்லாம் பயமில்ல. நான் ஒரு செருப்பை எடுத்து என் ஸ்கூல் பைக்குள்ள வச்சிடுவேன். லீவுல அந்தப் பையை யாரும் தொடமாட்டாங்க. ஒத்தச் செருப்போட அம்மாவால எங்கயும் போகமுடியாதுல்ல? வேலைக்குன்னு சொன்னா குடுத்துடுவேன்.”

“ஸ்கூல் இருக்கறப்ப ஒளிக்கமாட்டியா?” என்று நீளக்கை அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“ஸ்கூல் இருந்தா நாங்க வீட்டுல இருக்கமாட்டோமே. அம்மாவுக்குக் கோவம் வராது.” பிறகு என் காலைக் காட்டினாள். “இன்னைக்கு அப்பா செருப்பைப் போட்டுட்டு வந்துட்டாங்க. எங்க போறாங்கன்னும் சொல்லல. அதான் நானும் கூட வந்தேன்.”

நீளக்கை அக்காவின் கையிலிருந்து முனைகள் நழுவின. துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது. பன்னிரண்டு வருடத்தில் எங்கள் கையிலிருந்து ஒரு விரிப்பும் தரையைத் தொட்டதில்லை. அதை எடுக்கிற சாக்கில் நான் குனிந்தேன். நிமிர மனம் வரவில்லை. என் கண்ணுக்கு நேரே அந்தப் பெரிய ரப்பர் செருப்பும் அதற்குள் என் காலும். முதலில் எனக்கு வந்தது பிள்ளை மேல் இரக்கம் இல்லை. பத்துப் பேர் முன்னால் மானம் போயிற்றே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்காகவும் சேர்த்துத்தான் இன்றைக்கும் கூசுகிறேன். என் பிள்ளைகளின் பயத்தை எடுத்து ஒரு வருடமாக டீக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் ஊர் கூட்டி.

“போம்மா, பிள்ளையைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்” என்றார் சூப்பர்வைசர் அம்மா. அவர் அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வழியில் அந்தப் பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். நான் உட்கார்ந்து சிரித்த அதே பெஞ்ச். அதைத் தாண்டும்போது சின்னவள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்ன கதையிலிருந்து இந்த இடம் இவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டே நாற்பது நிமிடம் அழவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் போனால் பெரியவன் சமையல்கட்டில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. காலையில் நான் கத்திவிட்டுப் போனதற்குத்தான் இது என்று இப்போது எனக்குப் புரிந்தது. அவன் கழுவியதில் காலைத் தட்டு மட்டும் இல்லை. அலமாரியில் சுத்தமாக இருந்த தம்ளர்களையும் இறக்கிப் போட்டுக் கழுவியிருந்தான்.

“விடுடா. போதும். இனிமே நான் கழுவிக்கறேன்” என்றேன்.

அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான்.

“ஏன், எங்கயாவது போறியா?”

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். “அன்னைக்கு அம்மா பண்ணது தப்பு. அதைச் சிரிச்சுச் சிரிச்சு ஊருக்குச் சொன்னது அதைவிடத் தப்பு. எங்கயும் போகமாட்டேன்” என்றேன். தூங்குமூஞ்சி, “சரிம்மா, விடு, பழைய கதை” என்று பெரிய மனிதனைப் போலச் சொன்னான். ஆனால் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். காலையில் விட்டுப்போன என் ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து சின்னவளிடம் நீட்டினேன்.

“இதையும் உன் பையிலயே வச்சுக்கோ.”

அவள் அதை வாங்கி, புரட்டிப் பார்த்து, வழக்கம்போல யோசித்தாள். எங்கயும் போகமாட்டேன் என்று நான் சொன்னதை நம்பலாமா என்றுதான் யோசிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு செருப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“வேண்டாம்மா. ஒண்ணு போதும்” என்றாள். “லீவு முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு.”