பூச்சிக்கு ஊற்றிய டீசல்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் நான் விஞ்ஞானியாக இருந்தேன். மொத்தம் பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் திருவொற்றியூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகும்போது, கூட வருகிறவர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தேன். டீசலைத் தின்னும் கிருமியைப் பிடித்தவன் பக்கத்தில் நிற்கிறான், இது தெரியாமல் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறார்களே என்று.

நான் படித்தது பயன்பாட்டு நுண்ணுயிரியல். எண்ணெய் ஊறிய சேற்றில் எண்ணெயையே தின்று பிழைக்கும் பாக்டீரியா இருக்கும். அதைப் பிரித்தெடுத்து, எவ்வளவு தின்கிறது என்று அளக்க வேண்டும். இதுதான் ப்ராஜெக்ட். எத்தனையோ கல்லூரிகளில் எத்தனையோ பேர் செய்து சலித்த வேலை. என் கைடு மேடம் இதை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் என் அறிவு என்று நினைத்துக்கொண்டேன். என் வீடு காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று பிறகு அவரே சொன்னார். எண்ணெய்ச் சேறு எங்கள் பக்கம் யாரும் தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை.

சேறு எடுக்க என்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனவர் மாமா. அம்மாவின் தம்பி. லாஞ்ச் என்று அங்கே சொல்லும் விசைப்படகுகளுக்கு இன்ஜின் மெக்கானிக். காலை ஏழு மணி, மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கிறது. நான் லேபில் போடும் வெள்ளைக் கோட்டு, கையுறை, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஸ்பூனால் சேற்றை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு மூடினேன். இறால் கூடையோடு போன ஓர் அம்மா நின்று பார்த்தார்.

"இன்னாபா, கடலுக்கு மோஷன் டெஸ்டா?"

அக்கம்பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதம்மா. என் அக்கா பையன், எண்ணெய் துன்ற பூச்சி புடிக்க வந்துகீறான்."

பூச்சி இல்லை மாமா, பாக்டீரியா என்று மூன்று தடவை திருத்தினேன். நான்காவது தடவை விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் இருந்தது. படகில் இன்ஜினுக்குக் கீழே டீசலும் ஆயிலும் கடல் தண்ணீரும் கலந்து தேங்கி நிற்கும். இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் கையை முழங்கை வரை அதில் விட்டு இறைத்து ஊற்ற வேண்டும். இருபது வருடமாக இறைக்கிறார். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து, சில நாள் ரத்தம் கசியும். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எண்ணெயில் கை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். மாமா களிம்பைத் தடவிக்கொண்டு மறுநாள் எண்ணெயில் கை வைத்தார்.

"அந்தப் பூச்சிய லாஞ்சுக்கு அடியில வுட்டா எண்ணெய துன்னுடுமா மாப்ள? நான் கைய வெக்க வாணாமா?" என்று கேட்டார்.

தெரியாது மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆறு மாசம் டைம் குடு மாமா" என்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தேன் அல்லவா, அது சொல்ல வைத்தது.

பூச்சிக்குத் தீனியாக ஒரு லிட்டர் டீசல் வேண்டும் என்று கேட்டதும், அன்று சாயந்திரமே கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்.

சேற்றிலிருந்து எட்டு வகைக் கிருமிகள் வந்தன. மூன்றாவது பார்க்க லட்சணமாக இருந்தது. அதையே தேர்ந்தெடுத்தேன், பெண் பார்க்கப் போனவன் செய்யும் ஆராய்ச்சிதான். காசிமேட்டின் இங்கிலீஷ் முதல் எழுத்தைச் சேர்த்து அதற்குக் கே-3 என்று பெயர் வைத்தேன்.

பிறகு இரண்டு கண்ணாடிக் குடுவைகள். இரண்டிலும் உப்புக் கரைசல், மேலே மாமா கொடுத்த டீசல், வாயில் பஞ்சு அடைப்பு. ஒன்றில் கே-3, மற்றதில் கிருமியே கிடையாது. கிருமி இல்லாத குடுவைக்குக் கண்ட்ரோல் என்று பெயர். அதில் எண்ணெய் அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் கே-3 குடுவையில் குறைந்ததைக் கிருமி தின்றது என்று சொல்ல முடியும். முதல் வருடப் பரீட்சையில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான்.

பத்து நாள் இரண்டையும் இளஞ்சூட்டில் குலுக்கும் இயந்திரத்தில் வைத்திருந்தேன். பதினோராம் நாள் எடுத்துப் பார்த்தால், கே-3 குடுவையில் எண்ணெய்ப் படலம் பாதிக்கு மேல் காணவில்லை. கத்தியே விட்டேன். பிறகு கண்ட்ரோலைப் பார்த்தேன். அதிலும் காணவில்லை.

இரண்டிலும் மிஞ்சிய எண்ணெயை எடை போட்டேன். ஏறக்குறைய சமம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் கே-3 ஒரு நூல் அளவு ஜெயித்திருந்தது.

ஒரு நிமிடம் நின்றேன். கண்ட்ரோலுக்குள் வேறு ஏதோ கிருமி புகுந்து தின்றிருக்கும் என்று மூளை ஒரு காரணத்தைக் கொண்டுவந்து நீட்டியது. அப்படியென்றால் மறுபடி செய்து பார்க்க வேண்டும். ரிப்போர்ட் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கண்ட்ரோலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி அடித்தேன். எழுத்துப் பிழைகூட வரவில்லை.

விஞ்ஞானியாக என் பதினெட்டு நாள் அன்று தொடங்கியது. மேடம் படித்துவிட்டு வெரி குட் என்றார். மாமா டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலை பின்னுகிற இடம் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பூச்சியை வாங்கிப்போக ஒரு பிளாஸ்டிக் கேனைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தும் இருந்தார்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். வஞ்சிரக் குழம்பு. அவர் அம்மாவிடம் ஸ்பூன் கேட்டார். வெடித்த விரலில் காரம் பட்டால் தாங்கவில்லையாம். ஸ்பூனால் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"டீசலு பத்துச்சா மாப்ள? இன்னும் ஊத்திகினு வரட்டா?"

"போதும் மாமா. நல்ல டீசல்."

"நல்ல டீசலா?" மாமா சிரித்தார். "பூச்சிக்குன்னு தான கேட்ட? டேங்குல கீற டீசல யாரான்னா பூச்சிக்கு ஊத்துவாங்களா? பார்ட்ஸ் கழுவுற டப்பாலேர்ந்து ஊத்திக் குட்த்தேன். முக்காவாசி கிருஷ்ணாயிலு."

கிருஷ்ணாயில் என்றால் மண்ணெண்ணெய். தட்டைப் பார்த்தபடி நான் கேட்டேன், "அது தானா குறையுமா மாமா?"

அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொன்னாள். "மூடி சரியா போடலன்னா பறந்து பூடும்டா. உனுக்குத் தெரியாதா?"

இரண்டு வருட எம்.எஸ்சி.யில் இதை யாரும் நடத்தவில்லை. என் கே-3 எதையும் தின்னவில்லை. எண்ணெய் பஞ்சு வழியாகக் காற்றில் போயிருக்கிறது, இரண்டு குடுவையிலும் ஒரே மாதிரி. கண்ட்ரோல் பதினோராம் நாளே என்னிடம் அதைத்தான் சொன்னது.

மறுநாள் பங்க்கில் சுத்தமான டீசல் வாங்கி, யாருக்கும் தெரியாமல் மறுபடி செய்தேன். பத்து நாள் கழித்தும் இரண்டு குடுவையிலும் எண்ணெய் பளபளவென்று அப்படியே நின்றது. மேடத்திடம் போனேன். முதலில் வாங்கிய டீசலில் கலப்படம் மேடம், கொடுத்தவர் சரியாகச் சொல்லவில்லை என்றேன்.

மேடம் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "அப்படின்னா கண்ட்ரோல்லயும் குறைஞ்சிருக்கணுமே?"

"நான் சரியா கவனிக்கல மேடம்."

அவர் ரிப்போர்ட்டை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு, கண்ட்ரோல் பற்றிய அந்த வரியை எடுத்துவிட்டு, முடிவு இல்லை என்று எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எழுதினேன். கிடைத்த டீசல் தரமற்றது என்று குறைபாடுகள் பகுதியில் ஒரு வரியும் சேர்த்தேன். பாஸ் மார்க் வந்தது.

மாமாவிடம் சொல்லக் காசிமேட்டுக்குப் போனேன். அவர் படகின் அடியிலிருந்து ஏறி வந்தார், முழங்கை வரை கறுப்பாக. பூச்சி எண்ணெய் தின்னாது மாமா என்றேன். காயவைத்திருந்த கேனை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நான் குட்த்த டீசலால தான?" என்றார். "படிக்கிற புள்ளைக்குக் கலீஜ் டீசலக் குட்த்து அவன் வேலயக் கெட்த்துட்டேனே."

கழுவிக் கவிழ்த்த குடுவையைப் பற்றிய உண்மை என் வாய் வரை வந்தது. "பரவால்ல வுடு மாமா" என்றேன்.

இப்போது மணலியில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை லேபில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் கண்ட்ரோல் சரியாக வைத்தார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கண்டிப்பான ஆள் என்று பெயர். மாமா இன்னும் எண்ணெயை இறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம், தன்னால்தான் அக்கா பையன் சயின்டிஸ்ட் ஆகவில்லை என்று அந்தக் கையை விரித்து எல்லாரிடமும் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெரிய மனதோடு அவரை மன்னிக்கிறேன்.