அத்தையின் வெயில் அட்டை

என் அத்தைக்கு வெயிலை எழுதிவைக்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஒருத்தியும் நம்பமாட்டாள். ஆற்றங்கரையில், மணிமுத்தாறு மலை கைக்கெட்டும் தூரம்போலத் தெரிகிற இடத்தில் ஒரு விதைப்பண்ணை இருந்தது. அங்கே கம்பிவேலிக்குள் மழைக்கும் காற்றுக்கும் வெயிலுக்கும் தனித்தனிக் கருவிகள். அப்பாவின் தங்கையான அத்தை அதற்குத் தற்காலிகப் பொறுப்பாளர். வேலை நிரந்தரமானால் ஊரில் இருப்பாள். இல்லையென்றால் பம்பாய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போவாள். வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். அவள் போய்விட்டால் எனக்குத் தலை பின்ன ஆளில்லை. ஒன்பது வயதில் என் கவலை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. நானும் தினம் பண்ணைக்குப் போவேன். சாத்துக்குடி அளவில் ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் நீலநிற அட்டை. உருண்டைக்குள் நுழையும் வெயில் அட்டையில் ஒரு கோடு சுட்டுக்கொண்டே நகரும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். வெறித்த வானமென்றாலும், மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடுவதால் சாயங்காலக் கோடு குட்டையாகத்தான் முடியும்.

“மல கொஞ்சம் எடுத்துக்கிடும், மேகம் கொஞ்சம் எடுத்துக்கிடும். மிச்சந்தான்ட்டி நம்ம மண்ணுக்கு” என்பாள் அத்தை. அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்க்க மண்ணுக்குள் ஒரு வெப்பமானி புதைத்திருந்தது. மத்தியானம் குனிந்து அதைப் பார்த்து நோட்டில் குறிப்பாள். எனக்கு அந்த இடம் முழுக்க ஏதோ கனவில் நடக்கிற மாதிரியே இருக்கும்.

அந்த வருஷம் பண்ணைக்குக் கிழக்கே புதிதாக ஒரு செங்கல்சூளை வந்தது. அது எரிகிற நாளில் காலை வெயில் பால் கலந்த தண்ணீராகிவிடும், கோடும் மங்கிவிடும். மேலதிகாரி அட்டைகளைப் பார்த்துவிட்டு, உருண்டையை நீ ஒழுங்காகத் துடைப்பதில்லை என்றார்.

“தெனமும் தொடைக்கேன் சார். சூளப் புகைதான் வெயில மறிக்கி.”

“நாளைக்குச் சூளை எரியும். காலையில நல்லாத் தொடைச்சு வை, சாயங்காலம் வந்து நானே உருண்டையையும் அட்டையையும் பார்க்கிறேன். உருண்டை சுத்தமா இருந்தும் கோடு மங்கியிருந்தா நீ சொல்றது சரி, உன் வேலையை நிரந்தரமாக்க நானே எழுதுறேன். இல்லேன்னா நாளையோட நிறுத்திக்கலாம்.”

எல்லாம் எனக்கும் கேட்டது. ஆனால் மங்கல் என்றால் திட்டு என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியிருந்தது. வீட்டுப்பாடத்தில் எழுத்து மங்கியிருந்தால் டீச்சர் அதன் மேலேயே அழுத்தி எழுதச் சொல்வார்கள். நான் என்ன கண்டேன்.

மறுநாள் அத்தை சாப்பிடப் போனபோது, பண்ணை ஆபீஸ் பிள்ளையாருக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்துவந்தேன். மங்கிய கோட்டின் மேலேயே பைய இழுத்தேன். விரல் சுட்டது. கோடு அருமையாக வந்தது.

சாயங்காலம் அதிகாரி அட்டையை உருவிப் பார்த்தார். “வர்ற வழியில பார்த்தேன், சூளை நல்லாத்தான் புகையுது. கோடு நல்லாக் கருகியிருக்கே. இன்னைக்கு மட்டும் தொடைச்சியாம்மா? அப்போ நேத்துப் பேசினபடிதான்.”

அத்தை அட்டையை வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவரிடம் நீட்ட விரித்திருந்த நோட்டை மூடிக்கொண்டாள்.

“சரி சார்” என்றாள்.

அவர் போனபின், “ஏட்டி, கைய இங்கன காட்டு” என்று விரலில் தேங்காயெண்ணெய் தடவினாள். பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். வேலை நிரந்தரமாயிட்டா அத்தே என்று கேட்டேன்.

“மேகத்தப் பாரு, மலையில எப்படி எறங்குதுன்னு” என்று சொல்லி என் தலையைப் பின்னத் தொடங்கினாள். அன்றைக்குப் பின்னி முடிக்க வெகுநேரமானது.

ஆவணியில் கல்யாணம். அந்த நோட்டு எங்கள் வீட்டுப் பரணில் கிடந்து, நான் கல்லூரியில் படிக்கும்போது கைக்கு வந்தது. அந்த நாளின் பக்கத்தில் மண்ணின் சூடு மற்றச் சூளை நாட்களைப் போலவே குறைந்திருந்தது. அட்டையில் ஏறிய வெயில் மண்ணில் ஏறவே இல்லை. நோட்டை நீட்டியிருந்தால் அத்தைக்கு வேலை நிலைத்திருக்கும். அட்டையைச் சுட்டது யார் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும்.

அத்தை பம்பாய்க்கு வண்டியேறிய அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். இனிமேல் எனக்கு யார் தலை பின்னுவார்கள் என்றுதான் அவளிடம் கேட்டேன்.