லொறிக்கு ஐந்து நாடு

போன சனிக்கிழமை காரில் டோட்முண்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அவுட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்துத் தரிப்பிடத்தில் ஒரு லொறியை மறித்து வைத்திருந்தார்கள். சாரதி கீழே இறங்கி ஒரு தாளை நீட்டியபடி நின்றார். பச்சைச் சீருடை போட்ட பொலிஸ்காரர் தாளைப் பார்க்கிறார்... இலக்கத் தகட்டைப் பார்க்கிறார்... திரும்பவும் தாளைப் பார்க்கிறார்.

பின் சீற்றில் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, லொறிக்கும் பாஸ் இருக்கோ?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வரக்கூடிய கேள்விதான். ஓம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன மாதம் இதே மாதிரி ஒரு தரிப்பிடத்தில், இதே மாதிரி ஒரு தாளோடு நின்றவன் நான். என் தாளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதுதான் துக்கம்.

முதலில் அந்தத் தாள் என்னவென்று சொல்கிறேன், இதை வாசிக்கிற பிள்ளைகளே.

ஜேர்மனியில் உங்கள் அப்பாவின் கார் அவுட்டோபானில் சும்மா ஓடலாம். பிரான்சுக்கோ இத்தாலிக்கோ போனால் வழியில் கேற் போட்டு, ஓடிய தூரத்துக்குக் காசு வாங்குவார்கள். இங்கே கேற் இல்லை. ஆனால் பன்னிரண்டு தொன்னும் அதற்கு மேலும் உள்ள லொறிகள் ஒரு கடதாசி வாங்கவேணும். வின்யெற் என்பார்கள். ஒரு நாளுக்கும் வாங்கலாம், ஒரு வருஷத்துக்கும் வாங்கலாம். தூரக் கணக்கு இல்லை — நாள் கடதாசி என்றால் அன்றைக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடினாலும் ஐந்நூறு ஓடினாலும் ஒன்றுதான். அச்சுகள் கூடினால் காசும் கூடும். லொறியின் இலக்கம் அதில் இருக்கும். பக்கத்து லொறிக்கு இரவல் கொடுக்க ஏலாது.

இன்னொன்று. அந்த ஒரு கடதாசி ஜேர்மனிக்கு மட்டுமல்ல. பெல்ஜியம், ஒல்லாந்து, லக்சம்பேர்க், டென்மார்க்... ஐந்து நாட்டுக்கும் அதுவே போதும். பெற்றோல் நிலையத்தில் ஒரு கோப்பி வாங்குகிற நேரத்தில் அதையும் வாங்கிவிடலாம்.

சரி, கதைக்கு வருகிறேன்.

நான் வுப்பர்டாலில் ஒரு சின்னச் சரக்குக் கொம்பனியில் லொறி ஓட்டுகிறேன். என்னோடு ஏற்றி இறக்க வருபவர் யேசுதாசன். மன்னார்ப் பொடியன் — பொடியன் என்றாலும் முப்பது வயது. என் மகளுக்கு யேசு மாமா. அவளுடைய சைக்கிளில் செயின் கழன்றால் அவர்தான் வைத்தியர். என்னை விட உயரம், என்னை விடப் பலம், என்னை விடப் பகிடி. ஒன்றுதான் குறைவு. எனக்கு விசா இருக்கிறது. அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை.

வழக்கு முடியாத ஆளின் பாஸில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கும்; அந்த நகர எல்லையை அவர் தாண்டக் கூடாது. தாண்டவேணும் என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று ஒரு தவணை நாள் எடுத்து, அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் கொடுத்து, அனுமதி வாங்கவேணும். முதல்தரம் பிடிபட்டால் தண்டம். இரண்டாம் தரம் என்றால் நீதிமன்றம். யேசுதாசன் ஏற்கெனவே ஒருக்காப் பிடிபட்டவர் — கெவலார் மாதாவைக் கும்பிட றெயினில் போன இடத்தில்.

எங்கள் லொறி வழக்கமாக நகரத்துக்குள்ளேதான் ஓடும். அதனால் அதற்கும் வின்யெற் தேவைப்பட்டதில்லை, அவருக்கும் அனுமதி தேவைப்பட்டதில்லை. போன மாதம் ஒருநாள் காலை முதலாளி வந்து, ஹம் நகரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் ஒன்று கொண்டுபோகவேணும், பெரிய லொறி திருத்த வேலையில் நிற்கிறது, நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்றார்.

நான் கடதாசி விஷயத்தில் கவனமான ஆள். பெற்றோல் நிலையத்தில் ஒரு நாள் வின்யெற் வாங்கினேன். மூன்று அச்சு என்று தெரிந்தும் இறங்கிப் போய் எண்ணினேன். லொறி இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக, மூன்று தரம் சரிபார்த்தேன். கசங்கக் கூடாது என்று பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்தேன்.

யேசுதாசன் ஒரு காலைப் படியில் வைத்தபடி கேட்டார்: "அண்ணை, ஹம் எண்டால் தூரமோ?"

"ஒரு மணித்தியாலம். ஏறும்."

ஏறினார்.

அவர் கேட்டது தூரத்தையா? அவருடைய வேலை அனுமதி அந்தக் கொம்பனிக்கு மட்டும்தான். வரமாட்டேன் என்றால் முதலாளி வேறு ஆள் பார்ப்பார். அதனால் பாதியை மட்டும் கேட்டார். மிச்சப் பாதி எனக்கு விளங்கும் என்று நினைத்திருப்பார். ஏன் விளங்காது? அதே மாதிரி அகதிப் பாஸை ஐந்து வருஷம் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தவன்தானே நான்?

விளங்கவில்லை, பிள்ளைகளே.

பாதி வழியில் மறித்தார்கள். உறையோடு கொடுத்தேன். பொலிஸ்காரர் பார்த்தார், எல்லாம் ஒழுங்கு என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏறப் போகிற நேரம் அவர் குனிந்து மற்ற சீற்றைப் பார்த்தார்.

யேசுதாசன் மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். நகரத்தின் பெயர் இருக்கிற வரியில் பொலிஸ்காரரின் விரல் நின்றது. வயர்லெஸ்ஸில் பேசினார். எழுதினார். அவர் சத்தம் போடவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. அதனால் கோபப்படவும் எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிவந்தேன், பிழை என்னுடையது என்றேன். சாரதியின் கடதாசிகளில் பிழை இல்லையே என்றார்.

உடனே திரும்பிப் போகச் சொன்னார்கள். இறக்காத மெஷினோடு அடுத்த எக்சிற்றில் திரும்பினோம். பிறகு யேசுதாசன் சொன்னார்:

"நான் ஒரு பன்னிரண்டு தொன் இருந்திருந்தால், அண்ணை, எனக்கும் பெற்றோல் ஸ்ரேஷனில ஒண்டு வாங்கியிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை முதலாளி அவரை நிறுத்திவிட்டார். எங்கேயும் போகக்கூடிய ஆள் வேணுமாம். ஏறச் சொன்னது நான் என்றேன். தெரியும் என்றார். அவ்வளவுதான். பிறகு யேசுதாசனுக்குக் கடிதம் வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் டெர்மின். நானும் வருகிறேன், வந்து சொல்கிறேன் என்றேன்.

"வந்து என்னத்தைச் சொல்லுவியள், அண்ணை? லொறியின்ர கடதாசி சரியெண்டோ?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். லீவு எடுத்திருக்கிறேன். போகத்தான் போகிறேன்.

கடதாசி கிடைத்தவனுக்குக் கடதாசி இல்லாத காலம் எவ்வளவு கெதியாக மறந்துபோகிறது! உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கலாம். சுற்றுலா என்றால் அன்றைக்குப் பார்த்து வயிற்றுக்குத்து என்று சொல்லுகிற பிள்ளை. பகிடி பண்ணாதீர்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் "தூரமோ?" என்று கேட்டால், தயவுசெய்து தூரத்தைச் சொல்லாதீர்கள். ஏன் கேட்கிறாய் என்று கேளுங்கள்.

இதை எல்லாம் அன்றைக்குக் காரிலேயே மகளுக்குச் சொன்னேன். யேசு மாமா ஏன் இப்போது வேலைக்கு வருவதில்லை என்று அவளுக்கும் தெரியத்தானே வேணும்? அவள் கேட்டாள்:

"லொறியின்ர நம்பரை மூண்டு தரம் பாத்தனீங்கள். யேசு மாமான்ர பாஸை ஒருக்காலும் பாக்கேல்லையோ?"

செவ்வாய்க்கிழமை நீதிபதி என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்கவேண்டியதை மகள் கேட்டுவிட்டாள்.