ஏரிக்கரையில் நின்ற புள்ளி

காலை எட்டு இருபத்திரண்டுக்கு அந்த நீலப் புள்ளி நின்றது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போகும் என் மகள் எங்கே இருக்கிறாள் என்பதை என் போனில் காட்டும் புள்ளி. போன வருஷம் அவள் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்ட பிறகு நான் போட்ட நிபந்தனை அது. தினமும் பேருந்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வருவேன். அது கல்லூரிக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். அன்று திருக்கழுக்குன்றம் தாண்டி ஏரிக்கரையில் நின்றுவிட்டது. இரண்டு முறை அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

கல்பாக்கத்தில் எங்கள் வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்குப் பின்னால் வரிசை. பல வருஷமாகக் கூட வேலை பார்க்கும் நண்பன் சிரித்தான்.

"இன்னா அண்ணாத்த, போனுக்கு ஒரு முத்தா குட்த்துட்டு உள்ள வெய்யி. டைமாவுது."

இதற்கு முன் இரண்டு முறை இப்படிப் புள்ளி நின்றதும் பாதி வழியில் இறங்கி அவளைத் தேடி ஓடியிருக்கிறேன். ஒரு முறை அவள் பஞ்சர் கடையில் நின்றிருந்தாள். இன்னொரு முறை கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். தோழிகள் முன்னால் அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. அதனால் போனைப் பூட்டினேன்.

பத்து மணிவாக்கில் யாரோ முழங்காலை வைத்து மார்பை அழுத்துவதுபோல் இருந்தது. தாடை வரை வலி. வாயு என்று நினைத்தேன். குழாய்களும் அழுத்தமும்தான் என் தொழில். அழுத்தமானியின் முள் கொஞ்சம் நடுங்கினாலும் வேலையை நிறுத்தச் சொல்பவன் நான். வீட்டில் ஆறு மாதமாக ரத்த அழுத்தக் கருவி காட்டிய எண்களை மட்டும், தூக்கம் போதவில்லை என்று ஒதுக்கிவிட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

மேசையில் வெளியே பேசும் தொலைபேசி இருந்தது. எடுத்தேன். மகளின் எண்? பத்து இலக்கத்தில் முதல் நான்குக்கு மேல் வரவில்லை. ஒரு நாளும் அதை நான் அழுத்தியதில்லை. அவள் பெயரைத்தான் தொட்டிருக்கிறேன். சட்டை வியர்வையில் நனைந்தது.

"மூஞ்சி வெள்ளையா பூட்ச்சே! ஒக்காரு, ஒக்காருன்றேன்ல!" என்று நண்பன் கத்தியது வரை நினைவிருக்கிறது.

மதியம் செங்கல்பட்டு மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து பார்த்த டாக்டரம்மா, "அடைப்பு இல்ல சார்," என்றார். "ஒரு ரத்தக்குழாய் சுருங்கிப் போயிருந்தது. மருந்து கொடுத்ததும் விரிஞ்சிடுச்சு. ரொம்ப பயந்தா, கவலைப்பட்டா, குழாயோட சுவர் இறுகும். என்னிக்கோ ஒரு நாள்னா உடம்பு தாங்கும். தினமும்னா உள்பக்கம் கெட்டுப்போகும். காலையில என்ன நடந்தது?"

"என் பொண்ணு..." என்றேன்.

கட்டில் ஓரத்தில் மனைவி விடாமல் மகளை அழைத்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக மகளின் தோழி எடுத்தாள். "போன் எங்க வூட்ல கீது ஆன்ட்டி. அவ இல்ல." என் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி வேகமாகக் கூவத் தொடங்கியது. நர்ஸ் மனைவியை வெளியே அனுப்பினார். அதன் பிறகு இரண்டு மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். காலில் ஈர மணல். தோழி யார் யாரையோ பிடித்துத் தகவல் சொல்ல, மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து நேராக வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"ஏரிக்கரைல அவ வூட்ல போனை வெச்சிட்டுப் போனது நாந்தாம்பா. நீ பாக்காத ஒரு நாள் வேணும்னு இருந்துச்சு. இப்டி ஆவும்னு தெரியாதுப்பா."

"உன் நம்பர் ஞாபகம் வரலம்மா," என்றேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் பேனா வாங்கினாள். ஊசி ஏறாத என் கையை விரித்து, பத்து இலக்கங்களையும் எழுதினாள்.

"மனப்பாடம் பண்ணு. காலேஜுக்குப் போய்ச் சேந்ததும் உன் ஆபீஸ் நம்பருக்கு நானே பண்றேன். அந்தப் புள்ளிய இனிமே பாக்காத. பாத்தேன்னா டாக்டரம்மாகிட்ட போட்டுக் குடுத்துடுவேன், ஆமா."